முதலில் பாறை, அப்புறம் கேமரா, கடைசியில்தான் மைக்

பெங்களூருவுக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, மலை ஏறி, அதைப் படம் எடுத்து, அதைப் பற்றிக் கம்பெனிகளில் பேசிப் பிழைக்க முடியுமா?" முடியும். நானே அப்படித்தான் பிழைக்கிறேன், சில மாதங்களில் வாடகைக்குக் கொஞ்சம் திணறினாலும். ஆனால் கேட்பவர்களில் பலர் வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். மேடைப் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்தாகிவிட்டது, கேமராவுக்கு இ.எம்.ஐ. ஓடுகிறது, மலையை மட்டும் இனிமேல்தான் தேட வேண்டும். வரிசை மாறினால் மூன்றும் கெட்டுப்போகும். நான்கைந்து வருடக் கணக்காக எடுத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அதுவரை வேலையை விட வேண்டாம்.

சுவரில் தொடங்குங்கள்

வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறியிருக்கிறேன், பர்வதமலையில் கடப்பாறைப் படி ஏறியிருக்கிறேன் என்று சொல்பவர்களை நான் லேசாக எடைபோடுவதில்லை. நம் ஊரில் மூச்சும் முழங்காலும் அங்கேதான் பழகுகின்றன. ஆனால் கயிற்றில் தொங்குவது தனி வித்தை. அதைப் பெங்களூருவில் கற்றுக்கொள்ளச் சுலபமான இடம் கண்டீரவா ஸ்டேடியத்தில் இருக்கும் செயற்கைச் சுவர். சாயங்காலம் போய் நின்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல்லி மாதிரி ஏறிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு முதல் நாளே வெட்கமாக இருக்கும். நல்லதுதான்.

முதல் மூன்று மாதம் கற்க வேண்டியவை குறைவு. எட்டு வடிவ முடிச்சு ஒன்று. பிலே ஒன்று, அதாவது கீழே நின்று கயிற்றைக் கையாண்டு, மேலே இருப்பவர் விழுந்தால் தாங்குவது. ஏறும் முன் ஒருவர் இன்னொருவரின் ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை) பக்கிள், முடிச்சு, கேரபினர் (கயிற்றை மாட்டும் கொக்கி) பூட்டு மூன்றையும் தொட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்று. கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட வேண்டும். பத்து வருடம் ஏறியவர்களும் முடிச்சைப் பாதி போட்டுவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோவார்கள்.

காசு செலவழிக்கத் துடித்தால் முதலில் பாறை ஏறுவதற்கான ஷூ வாங்குங்கள், அடுத்து ஹார்னஸ். கயிறு இப்போது வேண்டாம். பழைய கயிற்றை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது எத்தனை விழுதல்களைத் தாங்கியது, எந்த வெயிலில் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் வெளிப்பாறை. இந்த விஷயத்தில் பெங்களூரு கொடுத்து வைத்த ஊர். கனகபுரா சாலைப் பக்கம் துரஹள்ளியில் சின்னப் பாறைகள், கயிறில்லாமல் தாழ்வாக ஏறிப் பழகலாம். மைசூரு சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரம், 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் ஒளிந்திருந்த அதே கருங்கல் குன்றுகள். அங்கே ராமதேவர பெட்டா கழுகுகளுக்கான சரணாலயம், 2012-ல் அறிவிக்கப்பட்டது. எந்தப் பாறையில் ஏறலாம், எதில் கூடாது என்று உள்ளூர் ஏறுபவர்களைக் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். சாவன்துர்கா 1,226 மீட்டர், கரிகுட்டா, பிளிகுட்டா என்று கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு குன்றுகள் சேர்ந்த ஒற்றைப் பெரும்பாறை. பிடிக்க எதுவும் இருக்காது. ஷூவின் ரப்பர் பாறையில் ஒட்டும் என்ற நம்பிக்கையில் நடக்க வேண்டும். மழை பெய்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. இன்னும் தூரம் போக மனமிருந்தால் பாதாமியில் செம்மணற்பாறை, ஹம்பியில் உருண்டைக் கருங்கற்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். மார்ச்சுக்கு மேல் பாறை தோசைக்கல். இன்னொன்றை யாரும் முதலில் சொல்வதில்லை: மலைத்தேனீ. இந்தக் கருங்கல் முகடுகளில் பெரிய அடைகள் தொங்கும். சென்ட் அடித்துக்கொண்டு வருவது, கீழே நெருப்பு மூட்டிப் புகை விடுவது, கத்துவது எல்லாம் ஆபத்து. கயிற்றில் தொங்கும்போது தேனீ துரத்தினால் ஓட இடமில்லை.

அனுமதி விஷயத்தில் விளையாட வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் போனதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் குடியரசு தின விடுமுறைக் கூட்டம் மலையையே அடைத்தபோது, கர்நாடக வனத்துறை விழித்துக்கொண்டு, வனப்பகுதி டிரெக்கிங்குக்கு இணையத்தில் முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. "அதெல்லாம் காலையில் நாலு மணிக்குப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லும் நண்பரோடு எங்கும் போகாதீர்கள்.

ஐந்து வார லீவு

அடுத்தது பனி. இதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள், அரசுப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் இருப்பது 1954-ல் தொடங்கியது, டென்சிங் நோர்கேயே அதன் முதல் களப்பயிற்சித் தலைவர். உத்தரகாசியில் நேரு பெயரில் இருப்பது 1965-லிருந்து. மணாலியிலும் பஹல்காமிலும் இருக்கின்றன. அடிப்படை மலையேற்றப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் உயர்நிலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியும். தனியார் பயணங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, அதனாலேயே இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

நம் ஐ.டி. தம்பிகளுக்கு இங்கே பெரிய சிகரமே லீவுதான். பயிற்சி நான்கு வாரம், போய்வரப் பயணம், திரும்பியபின் கால்வீக்கம் வடிய இரண்டு நாள். மொத்தம் ஐந்து வாரம். முந்தைய வருடமே ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்து, மேனேஜரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போனவன் மூக்குத்தோல் உரிந்து கறுத்துப்போய்த் திரும்பினால் எந்த மேனேஜரும் நம்ப மாட்டார்.

போகும் முன் உடம்பைத் தயார் செய்ய, முதுகில் பதினைந்து கிலோ பையோடு படிக்கட்டு ஏறி இறங்குங்கள். பத்து மாடி அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்களுக்குச் செலவில்லாத ஜிம். வாட்ச்மேன் முதல் வாரம் சந்தேகமாகப் பார்ப்பார், இரண்டாவது வாரம் எண்ண ஆரம்பித்துவிடுவார். கொஞ்சம் இந்தியும் பழகிக்கொள்ளுங்கள். பனிச்சரிவில் பயிற்சியாளர் கத்துவது உங்களுக்குப் புரிய வேண்டும். ராஜ்மாவும் ரொட்டியும் நாலு வாரம் சாப்பிட முடியாதென்றால் ஒரு பாட்டில் பருப்புப்பொடி எடுத்துப் போங்கள். மூன்றாம் நாளே பஞ்சாபிப் பையன்கள் உங்கள் கூடாரத்தைத் தேடி வருவார்கள்.

பயிற்சி என்பதால் பத்திரம் என்று நினைக்கவும் வேண்டாம். 2022 அக்டோபர் 4-ம் தேதி திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவு அடித்துப்போனது உயர்நிலைப் பயிற்சியில் இருந்தவர்களைத்தான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டில் அம்மா அப்பாவிடம் இதை மறைத்துவிட்டுப் போவது சரியில்லை. காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்து வாசியுங்கள். சாதாரண மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும். ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரே விதியைச் சொல்கிறேன். மூவாயிரம் மீட்டருக்கு மேலே, முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு தூங்காதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் தங்குங்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் இறங்குவதுதான் மருந்து. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்குச் சாதகம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. நம் தொள்ளாயிரம் அங்கே எடுபடாது.

கேமராவுக்கும் ஒரு கயிறு

இப்போதுதான் கேமரா. முதல் படத்தைக் கைப்பேசியிலேயே எடுங்கள், நான் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. மலையில் ஒவ்வொரு நூறு கிராமும் நாலாயிரம் மீட்டருக்கு மேல் கேள்வி கேட்கும். கூடவே, படமெடுப்பவர் மற்றவர்களைவிட அதிகம் ஏறுகிறார் என்பது தொடங்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. குழு வருவதை எடுக்க முன்னால் ஓட வேண்டும், போவதை எடுக்கப் பின்தங்க வேண்டும், அப்புறம் ஓடிப் பிடிக்க வேண்டும். குழுவிலேயே தெம்பு மிஞ்சியவராக இருந்தால்தான் நடக்கும். மலையேற்றத்துக்கு முதல் இடம் கொடுத்த காரணம் இதுதான்.

குளிரில் பேட்டரி செத்துப்போகும். இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு தூங்க வையுங்கள், பகலில் சட்டையின் உள்பாக்கெட். கேமராவை மட்டும் கூடாரத்தின் வெதுவெதுப்புக்கு நேரே கொண்டுவராதீர்கள், லென்ஸுக்கு உள்ளேயே ஈரம் கோக்கும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டு உள்ளே எடுத்து வாருங்கள், ஈரம் கவரின் வெளிப்பக்கம் படியட்டும். பனியின் வெள்ளையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் தொல்லையில்லை. அன்றன்றைக்கு எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள், இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

கேமராவை உங்கள் ஹார்னஸோடு சின்னக் கயிறால் கட்டுங்கள். கை நழுவினால் கீழே வருபவர் தலையில் விழும் கல் அது. பிலே பிடிக்கும்போது கேமராவைத் தொடவே கூடாது, எவ்வளவு அழகான வெளிச்சமாக இருந்தாலும்.

ட்ரோன் பைத்தியம் எல்லோருக்கும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையான நானோ ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் எங்கும் பறக்கவிடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில், பறக்கவிடத் தடையுள்ள சிவப்பு மண்டலத்தைப் பாருங்கள். லடாக்கும் சிக்கிமும் எல்லைப் பகுதி. காட்டுக்குள் வனத்துறை அனுமதி தனி. இதைவிட முக்கியம் சாட்டிலைட் போன். இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே கைது செய்வார்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து சாட்டிலைட் கருவி வாங்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

என்ன எடுப்பது? உச்சியில் கொடி பிடித்து நிற்பதை எல்லோரும் எடுக்கிறார்கள். ஒரே மாதிரிதான் இருக்கும். முடிச்சுப் போடும் விரல், ஸ்டவ்வில் பனி உருகும் சத்தம், காலையில் உறைந்துபோன ஷூவுக்குள் காலைத் திணிப்பவரின் முகம், இவற்றை எடுங்கள். சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோம உறை போடுங்கள். சுமை தூக்கும் அண்ணன்மாரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி, படத்தின் முடிவில் உங்கள் பெயருக்கு மேலே போடுங்கள்.

யாருக்காவது அடிபட்டால் கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள். 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் புயலில் எட்டுப் பேர் இறந்தபோது, பெரிய திரைப் படத்துக்கான ஐமாக்ஸ் கேமராவோடு அதே மலையில் இருந்தது, மலையேறிப் படமெடுக்கும் டேவிட் பிரஷியர்ஸின் குழு. படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, உச்சிக்காக மேலே சேர்த்து வைத்திருந்த ஆக்சிஜனை மீட்புக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம் அதே மாதம் 23-ம் தேதி ஏறி, எடுக்க வேண்டியதை எடுத்தார்கள்.

படம் சாட்சியும்கூட. 2016-ல் மகாராஷ்டிரப் போலீஸ் தம்பதி ஒருவர் எவரெஸ்ட் உச்சியில் நிற்பதாகக் காட்டிய படம் ஒட்டுப்போட்டது என்று தெரிந்து, நேபாள அரசு பத்து வருடம் தடை போட்டது. அதனால் உங்கள் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள், ஜி.பி.எஸ். தடத்தைச் சேமியுங்கள். 'முதல் தமிழர்', 'முதல் பெண்' என்று எழுதும் முன் பத்து முறை விசாரியுங்கள். 2023-ல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறித் தமிழ்நாட்டின் முதல் பெண் என்ற பெயர் எடுத்தார். அந்த மாதிரிப் பட்டத்தை வாய்க்கு வந்தபடி எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. கேதார்கண்டா 3,810 மீட்டர், அழகான நடை. அதை முடித்துவிட்டு 'மலையேறி' என்று விசிட்டிங் கார்டு அடித்தால் சுவரில் ஏறும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சிரிக்கும்.

மேடை

எட்டு நிமிடத்துக்கு ஒரு படம் கையில் இருக்கிறது, ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றிரண்டு முயன்றிருக்கிறீர்கள். இப்போது பேசலாம். முதல் மூன்று பேச்சு இலவசம், பள்ளிக்கூடங்களில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இருபது நிமிடம் உட்காரவைத்தவர் எந்த போர்டு ரூமிலும் பிழைத்துக்கொள்வார். "அங்கே டாய்லெட் எப்படிப் போவீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். நேர்மையாகப் பதில் சொல்லிப் பழகுங்கள், வைஸ் பிரசிடெண்டுக்கும் அதே சந்தேகம்தான், கேட்க மாட்டார்.

பெங்களூருவில் மேடை ஏறினால் முதல் நான்கு வாக்கியம் கன்னடத்தில் பேசுங்கள். உடைந்த கன்னடமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் மனப்பாடமாக ஒப்பிக்காதீர்கள். அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகலாம். அல்சூர் ஏரிக்கரையில் நம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தமிழில் பேச ஆசையிருந்தால் அங்கே போய் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களைப் பாருங்கள். தமிழில் ஒரே விஷயத்தைப் பேசிப் பார்த்தால், ஆங்கிலத்தில் எங்கெல்லாம் சும்மா அலங்காரம் செய்தோம் என்று தெரிந்துவிடும்.

எதைப் பேசுவது? கம்பெனியில் ஹெச்.ஆர். "டீம்வொர்க், லீடர்ஷிப் வருகிற மாதிரி" என்பார். தலையாட்டிவிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். "உங்கள் எவரெஸ்ட் எது?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்வியை ஏற்கெனவே மூன்று பேர் அவர்களிடம் கேட்டிருப்பார்கள். நான் அதிகம் கூப்பிடப்படுவது ஏறி முடித்த சிகரத்துக்காக அல்ல. லடாக்கில் 6,250 மீட்டர் காங் யாட்ஸே-2 சிகரத்தில், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது, கயிற்றில் எனக்குப் பின்னால் இருந்தவர் "கால்விரல் இருக்கிற மாதிரியே இல்லை" என்றார். திரும்பினோம். இறங்கும் வழியெல்லாம் நான் அவரிடம் பேசவில்லை. கோபம். கூடாரத்தில் ஷூவைக் கழற்றி விரலைப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. வெள்ளை மெழுகு மாதிரி இருந்தது. என் கோபத்தையும் சேர்த்துச் சொன்ன நாளிலிருந்துதான் கூட்டம் கைப்பேசியைக் கீழே வைத்தது. விரல் பிழைத்ததா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். பிழைத்தது.

நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்தால் இருபது பேச்சு, எட்டு படம், மிச்சம் கேள்விக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நேரம் ஒதுக்கினால் படத்தை முதலில் போடுங்கள்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் எனக்கு நடந்தது: பென்டிரைவில் படத்தோடு போனேன். அவர்கள் கணினியில் பென்டிரைவ் ஏறாது, பாதுகாப்பு விதி. இணையத்திலிருந்து எடுக்கலாமென்றால் அந்தத் தளமும் அடைப்பு. என் லேப்டாப்பை மாட்டினால் படம் திரையில் வந்தது, சத்தம் வரவில்லை. முந்நூறு பேருக்கு முன் ஊமைப் படம் ஓட, பனிக்காற்று சத்தத்தை நானே வாயால் ஊதினேன். அன்றிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போய், என் லேப்டாப், என் ஒயர், இரண்டு வகை அடாப்டரோடு ஓட்டிப் பார்க்காமல் சாப்பிட உட்காருவதில்லை.

காசும் காலண்டரும்

கேட்கக் கூச்சப்படாதீர்கள். தொகையை மின்னஞ்சலில் உறுதி செய்து, பர்சேஸ் ஆர்டர் வந்த பிறகு தேதியைப் பூட்டுங்கள். பாதி முன்பணம் கேளுங்கள், பெரிய கம்பெனிகள் தரமாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். வெண்டார் பதிவுக்குப் பான் கார்டு, ரத்து செய்த காசோலை நகல் இரண்டையும் போனிலேயே வைத்திருங்கள். உங்கள் கட்டணத்தில் பெரும்பாலும் 10 சதவீதம் டி.டி.எஸ். என்று வருமான வரி பிடிப்பார்கள், அதைக் கணக்குத் தாக்கலின்போது சரிக்கட்டலாம். வருடத்துக்கு இருபது லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், அந்தக் கவலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பணம் கைக்கு வர இரண்டு மாதம்கூட ஆகும், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் வேலையை விட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். எவரெஸ்ட்டுக்கு நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர், முன்பு 11,000. ஸ்பான்சர் தேடுபவர்கள் இந்த எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

பேச்சு சூடுபிடித்தால் வேறு ஒரு சிக்கல் வரும். கூப்பிடுகிற தேதியெல்லாம் மலைக்குப் போகிற தேதியாக இருக்கும். ஒரு வருடம் நான் எல்லாவற்றுக்கும் சரி சொல்லி, ஒரு மலைக்கும் போகாமல், பழைய கதையையே பதினேழு முறை சொன்னேன். பதினெட்டாவது முறை எனக்கே தூக்கம் வந்தது. இப்போது ஜனவரி முதல் வாரத்திலேயே சுவர்க் காலண்டரில் மே, ஜூனில் மூன்று வாரமும் செப்டம்பர், அக்டோபரில் மூன்று வாரமும் சிவப்பு மையால் அடித்துவிடுகிறேன். மிச்சமிருப்பதுதான் கம்பெனிகளுக்கு. போன வாரம் ஒருவர் அக்டோபர் பத்தாம் தேதி ஆண்டு விழாவுக்குக் கேட்டார், நல்ல தொகை. நவம்பர் தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்தார், இன்னும் கூப்பிடவில்லை.